மூன்றால் பெருக்க வேண்டிய நிமிடங்கள்

ஐம்பது வயதுக்கு மேல் மொட்டை மாடியில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்ப்பவனைப் பற்றி எங்கள் மனைப்பிரிவில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, வேலை வெட்டி இல்லாதவன். இன்னொன்று, கழுத்து வலிக்கு யாரோ சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறான். இரண்டையும் நான் மறுத்ததில்லை. இரண்டுமே உண்மையைவிடக் கௌரவமாக இருந்தன.

உண்மை இதுதான். விமானம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு ஒரு வியாதி. விமானத்தில் ஏறியதில்லை. என் வாழ்நாளின் அதிகபட்ச தூரம் பெங்களூர், மகளைப் பார்க்க, பஸ்ஸில். அதிலும் வாலாஜா தாண்டுவதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டும். கண்டக்டர் ஒரு பிளாஸ்டிக் பையை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடும் அளவுக்கு என் முகத்தில் ஏதோ எழுதியிருக்கிறது.

ஆனால் போனில் நான் வேறு ஆள். அதில் ஒரு இணையதளம் உண்டு, இரண்டே கட்டங்கள். ஒன்றில் ஒரு விமான நிலையத்தைப் போட வேண்டும், இன்னொன்றில் இன்னொன்றை. நடுவில் எவ்வளவு தூரம், பறந்தால் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடும். சென்னை, தில்லி என்றெல்லாம் நான் போடுவதில்லை. அதைப் போட ஜனங்கள் இருக்கிறார்கள். நான் போடுவது ஆளரவமற்ற இடங்களை. தென் அட்லாண்டிக்கில் காற்று மட்டும் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு தீவு. கிரீன்லாந்தின் ஓரத்தில் நாய்களும் பனியும் பாதிப்பாதி பங்கு போட்டுக்கொண்ட ஒரு கிராமம். இரண்டிலும் ஓடுபாதை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விமானம் கிடையாது, வரப்போவதும் இல்லை. ஆனாலும் அந்தத் தளம் வஞ்சனை இல்லாமல் கணக்குச் சொல்லும்: இத்தனை ஆயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் சொச்சம். யாரும் போகாத பயணத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கண்களை மூடிக்கொண்டு பதினாறு மணி நேரத்தையும் மாடியிலேயே பறந்துவிடுவேன். கீழே குக்கர் நான்காவது விசில் அடிக்கும்போதுதான் தரை தட்டும்.

இதைப் பற்றி ஒரு நீண்ட வசன கவிதை எழுதினேன். படித்து முடிக்கப் பதினாறு மணி நேரம் ஆகவில்லை, ஆனால் ஆனதுபோல இருந்தது என்று பெங்களூரிலிருந்து மகள் சொன்னாள்.

ஆமாம், நான் கவிஞன். இதை வெளியில் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை இருமிக்கொள்வது என் வழக்கம். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. விற்காமல் மீந்த பிரதிகள் அட்டைப்பெட்டியோடு வாஷிங் மெஷினுக்கு அடியில் இருக்கின்றன, மழைக்காலத்தில் தரையில் தண்ணீர் ஏறினால் மெஷின் நனையக் கூடாது என்று. இலக்கியம் எதையும் தூக்கி நிறுத்தும் என்று நான் மேடையில் பேசியதுண்டு. பேசியது வீண் போகவில்லை. ஏழு கிலோ கொள்ளளவைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

சோறு போடுவது வேறு எழுத்து. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் சாலையின் இருபுறமும் வயல்களும் ஏரிக்கரைகளும் கம்பெனிகளாகவும் மனைகளாகவும் மாறிக்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில், அந்த மனைகளை விற்கும் நோட்டீஸ்களை எழுதுகிறவன் நான். கழிவுநீர்க் கால்வாய் ஓடினால் 'சலசலக்கும் நீர்நிலை'. ஒரு வேப்பமரம் மிச்சமிருந்தால் 'வனம் சூழ்ந்த'. ஆனால் நோட்டீஸின் உயிர் வர்ணனையில் இல்லை, நிமிடங்களில் இருக்கிறது. எங்கள் சாலையில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. 'ரயில் நிலையம் 10 நிமிடம். தண்டலம் கல்லூரிகள் 15 நிமிடம். சென்னை விமான நிலையம் 25 நிமிடம்.' இந்த நிமிடங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கக் கூடாது. கேட்டால் சொல்கிறேன். மனை போடும் முதலாளி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஒரு லாரிகூட இல்லாத நேரத்தில், பைக்கை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டு ஒருமுறை போய் வருவார். வந்து எனக்கு ஒரு நிமிடம் சொல்வார். அதில் கொஞ்சம் நான் குறைப்பேன். மோனைக்காக.

உலகத்தில் தன் பொய்யைத் தானே நம்பி ஏமாந்தவர்கள் பலர் இருக்கலாம். அதை நான்கு வண்ணத்தில் அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஏமாந்தவன் நான் ஒருவன்தான். வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் இப்போது நாங்கள் குடியிருக்கும் மனை என்னுடைய நோட்டீஸைப் படித்து நான் வாங்கியது. 'ரயில் நிலையம் 10 நிமிடம்' என்ற வரியில் ஒரு லயம் இருந்தது. மனைவியிடம் அந்த வரியை உரக்க வாசித்துக் காட்டினேன். குடிவந்த மறுநாள் அவள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனாள். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பும் வரை நின்று, நிரம்பிய பிறகும் இன்னும் இரண்டு பேருக்காக நின்று, கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர அரைமணி நேரம் ஆயிற்று. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, கோபமில்லாமல், ஒரு அளவுகோலைச் சரிபார்த்தவளைப் போலச் சொன்னாள்.

"உங்க நிமிஷத்த மூணால பெருக்கிக்கணும்."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் அரைமணிக்குத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன் என்று நான் கவிதை எழுத உட்கார்ந்தால், கால்மணி நேரத்துக்குப் பிறகு வந்து விளக்கை அணைப்பாள். அவளுடைய கம்பெனி பஸ்ஸில் இது ஒரு அளவாகவே புழங்கியதாம். பஸ் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், "அஞ்சு நிமிஷம். நம்ம அக்கா வூட்டுக்காரர் நிமிஷம்" என்பார்களாம். பெயர் தெரியாத ஆயிரம் பேருக்கு என் எழுத்து இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் இயந்திரங்களுக்கான ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். லைனில் வருகிற ஒவ்வொரு கட்டையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, இழுத்து, சரி என்றால் ஒரு பச்சைப் புள்ளி வைக்க வேண்டும். இருபது வருடமாக நின்றுகொண்டே வைத்த புள்ளிகள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வாளியில் கால்களை முக்கிக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, மெட்டி விரலில் புதைந்திருக்கும். அந்த லைனில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் டிரெய்னர் வேலை. அதற்கு ஒரு நாற்காலி உண்டு. சுழலும் நாற்காலி. அதில் எப்போதும் படித்துவிட்டு வந்த சின்னப் பையன்கள்தான் உட்கார்ந்து சுழன்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவள் வாளியில் காலை முக்கிக்கொண்டு, பேசாமல் இருக்க வேண்டிய நேரத்தில் பேசினாள். நார்வேயின் வடக்கே, பூமி முடிகிற இடத்தில், மீன்பிடிப் படகுகளுக்கு மின்பலகை பொருத்தும் ஒரு சின்னத் தொழிற்சாலை இருக்கிறதாம். இவர்கள் அனுப்பிய ஒயர்க் கட்டுகளில் சிக்கல், எது நல்லது எது கெட்டது என்று பிரித்து, அங்கே இருக்கிறவர்களுக்கும் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமாம். மூன்று வாரம். டிரெய்னர் பையன்களுக்குப் புத்தகத்தில் தெரியும், விரலில் தெரியாது என்று மேலிடத்தில் யாருக்கோ உறைத்திருக்கிறது. இவளைக் கேட்டிருக்கிறார்கள். போய் வந்தால் அந்த நாற்காலி இவளுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் துள்ளினேன். சென்னையிலிருந்து அங்கே எத்தனை விமானம் மாற வேண்டும், எந்தக் கடல்மேல் போகும், எத்தனை மணி நேரம் என்று போனை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பெரிய விமானங்களைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, அது பஸ் மாதிரி, நிறைய ஜனம் இருக்கும் என்றாள். பயம் கடைசி விமானத்தைப் பற்றித்தான். ஒரு தீவிலிருந்து இன்னொரு கடலோரத்துக்குப் போகும், விசிறி வைத்த குட்டி விமானம். அதன் படத்தைக் கம்பெனியில் யாரோ காட்டிவிட்டார்கள். திருவிழாவில் ராட்டினத்தைப் பார்த்தாலே தூணைப் பிடித்துக்கொள்கிறவள் அவள். கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை கட்டாயப்படுத்தி ஏற்றி, ராட்டினக்காரன் பாதியில் நிறுத்தி இறக்கிவிட வேண்டியதாயிற்று. இறங்கியவன் நான்தான் என்பது வேறு விஷயம். அவள் எனக்காக இறங்கினாள். ஆனால் அவளும் அதற்குப் பிறகு ஏறவில்லை.

அந்த வாரம் முழுவதும் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. தூரத்தின் கவிஞன். துருவத்தையும் தென்கடலையும் மாடியிலிருந்தே தைத்துக் கோத்தவன். என் வீட்டிலிருந்து ஒருத்தி நிஜமாகவே தூரம் போகப்போகிறாள் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, காலையில் யார் காப்பி போடுவது. இரண்டாவது தோன்றியது, கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் புக் பண்ணுவது எப்படி. மூன்றாவதாகத்தான் பிரிவு என்ற சொல் வந்தது. அதுவும் நான் கவிஞன் என்பதால், வரவேண்டுமே என்று வந்தது. செவ்வாய்க்கிழமை அவள் ஷிப்ட்டுக்குப் போன பிறகு காலியான வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சும்மா ஒத்திகைக்கு. பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. என் நிமிடம் அல்ல, நிஜ நிமிடம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாடியில் அவள் நீலச் சீருடையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு விமானம் வெயிலை வாங்கி மின்னிக்கொண்டு கிழக்கே இறங்கிப் போனது. அவளும் அண்ணாந்து பார்த்தாள். என் நினைவில் அதுதான் முதல் முறை.

"இன்னாங்க, அந்தக் கடைசி பிளைட்டு எவ்ளோ நேரம்? நோட்டீஸ் எழுதற மாதிரி சொல்லாம, மெய்யா சொல்லுங்க. அத்த வெச்சுத்தான் நாளிக்கு பதில் சொல்லப்போறேன்."

எனக்கு அந்த விடை மனப்பாடம். திங்கட்கிழமை இரவே அந்த இரண்டு விமான நிலையங்களையும் கட்டங்களில் போட்டுப் பார்த்திருந்தேன். பெயர்களை இங்கே எழுதவில்லை, என் நாக்கில் அவை படும் பாட்டை எழுத்திலும் படுத்த வேண்டாம். நடுவில் இருநூறு கிலோமீட்டர் சொச்சம். தளம் சொன்னது அரைமணி. ஆனால் அந்தத் தளத்துக்கு எல்லா விமானமும் பெரிய விமானம், எல்லாப் பாதையும் நேர்ப்பாதை. அதுவும் ஒருவகை நோட்டீஸ்தான். அதனால் விமானக் கம்பெனியின் கால அட்டவணையையே தேடி எடுத்தேன். நாற்பத்தைந்து நிமிடம்.

கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்கினேன். ஒன்றரை மணி என்று சொன்னால் போதும், அவள் போகமாட்டாள். காப்பி வரும், சிலிண்டர் வரும், விளக்கை அணைக்க ஒருத்தி இருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் ஒன்றரை மணி வந்தது. அப்போது கொடியில் தொங்கிய சீருடையின் கீழே அவள் கால்கள் தெரிந்தன. வெறும் தரையில், ஒரு காலை மாற்றி ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். லைனில் இருபது வருடமாகப் பழகிய நிலை. வீட்டிலும் அப்படியே நிற்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். விமானம் பார்க்கிறவனுக்குக் கீழே பார்க்கத் தோன்றுவதில்லை.

"நாப்பத்தஞ்சு நிமிஷம்" என்றேன்.

அவள் கொடியில் ஒரு மடிப்பை நீவிவிட்டாள். நீவியதையே மறுபடி நீவினாள். உதடுகள் லேசாக அசைந்தன. சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பிறகு வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சரி. போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நான் மாடியிலேயே நின்றேன். நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது. ஒரு உண்மை ஒரு மனுஷியைக் கடல் தாண்டி அனுப்புகிறது. என்ன வலிமை, என்ன வலிமை! இத்தனை வருடம் பொய்ச் சாலையில் நடந்தவன் கடைசியில் மெய்யின் ஓடுபாதையில் என்றெல்லாம் ஒரு கவிதை ஆரம்பித்து, இரண்டு பக்கம் எழுதி, தியாகம் என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருந்தேன். அது இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். வாஷிங் மெஷின் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது, ஒரு முட்டுக் கொடுக்கலாம்.

பாஸ்போர்ட், விசா வேலைகளைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. குளிருக்கான கோட்டை மகள் பெங்களூரிலிருந்து அனுப்பினாள். அதைப் போட்டுப் பார்த்து, மாசி வெயிலில் வியர்த்து, கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். கிளம்பும் நாளன்று விமான நிலையத்துக்கு எப்போது புறப்பட வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை. கம்பெனி காரின் டிரைவரைக் கேட்டாள். வாசலில் என் சட்டைப் பித்தான் ஒன்று திறந்திருந்ததைப் போட்டுவிட்டு, சிலிண்டர் புக் பண்ணும் எண்ணைப் போனில் பதிந்து வைத்திருப்பதாகச் சொன்னாள். கார் திரும்பும்போது ஒரு கை வெளியே வந்து ஆடியது. அந்தக் கையில்தான் பச்சைப் புள்ளி வைக்கிற விரல்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் அவளிடமிருந்து வீடியோ கால் வந்தது. பின்னால் வெள்ளையாக என்னவோ. மேகம் என்று நினைத்தேன், பனி. முன்னால் கோட்டுக்குள் முகம் மட்டும். பத்திரமாக வந்து சேர்ந்தாயா என்று நான் கேட்டு முடிக்கவில்லை. எங்கள் வீட்டில் கோபத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. 'ங்க' கழன்று விழுந்துவிடும். அன்றைக்கு ஒரு 'ங்க'கூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

அவள் சொன்னதை எல்லாம் கோத்துச் சொல்கிறேன். குட்டி விமானத்தில் பதினைந்து, இருபது பேர். பக்கத்தில் ஒரு வயதான ஆள், மீன் வாசனை, பெரிய கை. விமானம் கிளம்பியதும் இவள் கண்ணை மூடிக்கொண்டாள். நேரத்தைப் போக்க ஒரு வழி வைத்திருந்தாளாம். லைனில் வரும் ஒயர்க் கட்டுகளின் நிறவரிசையை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் போவது. சிவப்பு, கறுப்பு, பச்சைமேல் மஞ்சள் கோடு, நீலம், சாம்பல். எத்தனை மாடல் இருக்கிறதோ அத்தனையும். கணக்குப் போட்டு, ரெண்டேகால் மணி நேரத்துக்குச் சரியாக வருகிற மாதிரி வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

ரெண்டேகாலா என்றேன் நான்.

அவள் கதையைத் தொடர்ந்தாள். மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. திடீரென்று விமானம் மூக்கைக் கவிழ்த்தது. காது அடைத்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் கீழே கடல், கறுப்புப் பாறைகள், ஊர் என்று எதுவும் இல்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருக்கிறது, இது ஏன் இப்போதே கீழே போகிறது? ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். பக்கத்து ஆளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தமிழிலேயே கேட்டிருக்கிறாள்.

"எறங்குதா, இல்ல வுழுதா?"

அந்த ஆள் கையை எடுக்கவில்லை. புரிந்ததோ இல்லையோ, தலையைத் தலையை ஆட்டினார். சக்கரம் தரையைத் தொட்டு, எல்லோரும் பையை எடுக்க எழுந்த பிறகும் இவள் விடவில்லையாம். அவர் தன் இன்னொரு கையால் கோட்டுப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து இவளிடம் கொடுத்திருக்கிறார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்காத. நாப்பத்தஞ்சு நிமிஷம்னா, அது நெஜ நிமிஷம்னு ஒரு வார்த்த சேத்து சொல்லக் கூடாது? இத்தினி வருசமா நீ சொன்ன எந்த நிமிஷம் நிமிஷமா இருந்துக்குது? நான் பெருக்கிக்கினேன். உயிரு போயி உயிரு வந்துச்சு."

மெய்யாகச் சொல் என்று நீதானே கேட்டாய் என்று மெல்லச் சொன்னேன். மெய்யாகச் சொல்வதாகச் சொல்லித்தான் ஸ்டேஷன் பத்து நிமிடம் என்று வாசித்துக் காட்டினாய் என்றாள். போனில் அவளுக்குப் பின்னால் பனி விழுந்துகொண்டிருந்தது. யாரோ அவளை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் போய்விட்டாள்.

திரை அணைந்த பிறகுதான் அது என் மண்டையில் இறங்கியது. மாடியில் உதடுகள் அசைந்தது வேண்டுதல் இல்லை, பெருக்கல். ராட்டினத்துக்குப் பயந்தவள், ரெண்டேகால் மணி நேரம் அந்தக் குட்டி விமானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே, வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சரி, போறேன் என்று சொல்லியிருக்கிறாள். என் உண்மை அவளை அனுப்பவில்லை. என் உண்மை அவளைத் தடுத்திருக்க வேண்டியது. அதையும் மீறி அவள் போயிருக்கிறாள், அந்த நாற்காலிக்காக, கணுக்காலுக்காக, இருபது வருடப் புள்ளிகளுக்காக. நான் தியாகம் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். அவளுக்கு அந்தச் சொல்லே தேவைப்படவில்லை.

அந்த வாரம் முதலாளி ஒரு புது நோட்டீஸுக்குக் கூப்பிட்டார். எனக்குள் ஏதோ திருந்தியிருந்தது. ஒரு புதன்கிழமை காலை, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், ஷேர் ஆட்டோவில், ஆள் நிரம்பும் வரை காத்திருந்து அந்த மனையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேன். நோட்டீஸில் 'ரயில் நிலையம் 45 நிமிடம்' என்று எழுதிக் கொடுத்தேன். லயமே இல்லாத வரி. முதலாளி அதைப் படித்துவிட்டு, எனக்கு உடம்பு சரியில்லையா என்பதுபோலப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சுன்னு போட்டா சனம் ரெண்டேகால் மணி நேரம்னுல்லா எடுத்துக்கிடும், அண்ணாச்சி. உள்ளதச் சொல்லணும்னா பதினஞ்சுன்னு போடுங்க. அவங்களே கூட்டிக்கிடுவாங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. ஒரு தொழில் நுணுக்கத்தைச் சொல்கிற முகம். இந்தச் சாலை முழுக்க, ஒவ்வொரு வீட்டிலும், யாரோ ஒருத்தி உதட்டை அசைத்துப் பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது. நான் பதினைந்து என்று திருத்தினேன். லயமும் சேர்ந்துகொண்டது, என்ன செய்ய.

மூன்று வாரம் நான் எப்படி வாழ்ந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் தீரவில்லை, ஏனென்றால் அடுப்பையே பற்றவைக்கவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு தள்ளுவண்டிக்காரர் என்னைத் தன் குடும்பத்தில் ஒருவனாகவே நினைக்க ஆரம்பித்துவிட்டார். போனில் தீவுகளைத் தேடுவது மட்டும் நின்றுவிட்டது. கட்டத்தைத் திறந்தால் கை தானாக அந்த இரண்டு ஊர்களைத்தான் போட்டது. ஒவ்வொரு முறையும் அதே இருநூறு சொச்சம், அதே அரைமணி. யாரும் போகாத பயணங்களுக்கு இனி எனக்கு நேரமில்லை.

கடைசி வாரத்தில் ஒரு நாள், 'ங்க'வெல்லாம் திரும்பி ஒட்டிக்கொண்ட குரலில் பேசினாள். நல்லது என்று அவள் பிரித்துக் கொடுத்த ஒயர்க் கட்டுகளில் ஒன்றுகூடப் பழுது என்று திரும்பி வரவில்லையாம். அடுத்த மாதத்திலிருந்து டிரெய்னர் வேலை என்று இங்கிருந்து தகவல் வந்துவிட்டதாம். அங்கே அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், உட்கார்ந்து பார்த்தால் முதுகு வலிக்கிறது, பழகிவிடும் என்றாள். திரும்பி வரும்போதும் அந்தக் குட்டி விமானம்தானே, எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

"நாப்பத்தஞ்சு. பெருக்காத."

சரி என்றாள். அந்த விமானத்தில் கண்ணை மூடாமல், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்ததாகப் பிற்பாடு சொன்னாள். கீழே தெரிந்ததை அவள் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். என் கவிதைகள் அனைத்தையும் அதற்கு ஈடாகக் கொடுத்துவிடலாம், வாங்க ஆள் இருந்தால்.

அவள் வந்திறங்கிய அன்று காலை அவளை அழைத்துவர நான் கிளம்பினேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்தால் திரிசூலம், அதற்கு எதிரிலேயே விமான நிலையம். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, பெருமையாகக் கால்மணி நேரம் சேர்த்து வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஊருக்கே தெரிந்த ஒன்று என் நினைவுக்கு மட்டும் வரவில்லை. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்ப நின்றது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து சாலையை நிறைத்தன. ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலிலும் நீலச் சீருடைகள் தூங்கிக்கொண்டிருந்தன. நான் ஸ்டேஷன் படியில் ஓடும்போது ரயில் தன் கடைசிப் பெட்டியைக் காட்டிக்கொண்டு போனது. அடுத்த ரயிலில் திரிசூலம் வரைக்கும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நானே பெருக்கிக்கொள்ள வேண்டியவனாக இருந்தும் பெருக்காமல் விட்டதை நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு அப்பால், ஒரு தூணுக்குப் பக்கத்தில், தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் இரண்டையும் பெட்டிமேல் நீட்டியிருந்தாள். கணுக்கால் வீக்கம் வற்றியிருந்தது. பக்கத்தில் தரையில் குடித்து முடித்த காகிதக் கோப்பைகள் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக.

மூச்சு வாங்க நின்று, வந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லீங்க. பதினஞ்சு நிமிஷம்தான்" என்றாள், என் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே.

நான் கோப்பைகளைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு அசையாமல் மனதுக்குள் பெருக்கிக்கொண்டு, பெட்டியைத் தூக்கினேன்.